விளக்குக்கட்டை

ஈவ்லினக்காவுக்கு ஊரில் நல்ல பேர் கிடையாது. வாய் நீளம் என்பார்கள், சண்டைக்காரி என்பார்கள், மாதா கோயில் பாட்டுக் குழுவிலிருந்து இரண்டு தடவை கோபித்துக்கொண்டு வெளியேறியவர் என்பார்கள். எல்லாம் உண்மைதான். நானே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். துவரம்பருப்பில் ஒரு கல் கிடந்ததற்காக, கடையில் நாலு பேர் நிற்கும்போது, "ஏனுங்க ஆசிர், பருப்பு விக்கறீங்களா, ரோடு போடறீங்களா?" என்று கேட்டவர். அப்படிப்பட்டவரைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை எழுத எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. ஆனால் அவரோடு மோதியவர்களைப் பார்த்த பிறகு, அவர் பக்கம் நிற்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

என் மளிகைக் கடை ஏற்காட்டு ஏரியிலிருந்து மேலே ஏறும் சரிவில் இருக்கிறது. கடைக்கு நேர் எதிரே ரைட்டர் மாடி. கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கீழே மூன்று வீடு, மேலே மூன்று வீடு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மரப்படிக்கட்டு. எந்தக் காலத்திலோ ஒரு காப்பி எஸ்டேட்காரர் தன்னிடம் கணக்கெழுதும் ரைட்டருக்கும் ஆபீஸ் ஆட்களுக்கும் கட்டியது. எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன கடைசி முதலாளி, போகிற போக்கில் ஒரு நல்ல காரியம் செய்தார். ஆறு வீட்டையும் குடியிருந்தவர்கள் பேருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். மாடியில் இடது பக்கத்து வீடு அப்படித்தான் ரைட்டர் ஸ்தனிஸ்லாஸுக்கு வந்தது. அவர் மகன் லூர்துராஜ் அண்ணன். அவர் மனைவிதான் ஈவ்லினக்கா.

லூர்துராஜ் அண்ணன் சேலம் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். மலைப்பாதையின் அத்தனை கொண்டை ஊசி வளைவிலும், எதிரே லாரி வந்தாலும், ஒரே ஒடிப்பில் பஸ்ஸைத் திருப்புவார். அதிர்ந்து பேசமாட்டார். வீட்டில் பேச வேண்டியதை எல்லாம் அக்காவே பேசிவிடுவதால் அவருக்கு அவசியமும் இருக்கவில்லை.

கட்டடத்துக்குப் பின்பக்கம் இன்னொரு படி உண்டு. இரும்பில் செய்த சுருட்டுப் படி. ஆள் ஒருத்தர் உடம்பைக் குறுக்கிக்கொண்டுதான் ஏற முடியும். அந்தக் காலத்தில் மாடிக் கக்கூஸை அள்ள வருகிறவர்கள் முன்பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது என்று வைத்த படி அது. வைத்தவனுக்கு எப்பேர்ப்பட்ட மனசு இருந்திருக்கும் என்று நான் பலதடவை யோசித்திருக்கிறேன். பிற்பாடு அதில் கேஸ் சிலிண்டர் மட்டும்தான் ஏறி இறங்கியது.

இனி விளக்குக்கட்டை. முன்படிக்கட்டு பாதி தூரம் இறங்கி, ஒரு சின்ன மேடையில் திரும்பி, மறுபடி கீழே இறங்கும். அந்தத் திருப்பத்தின் உள்மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு தேக்குக் கட்டை நிற்கும். உச்சியில் விளக்கு வைக்க ஒரு தட்டு. பார்க்க அழகுதான். ஆனால் அது நிற்கிறவரை சவப்பெட்டி அந்த இடத்தில் திரும்பாது. கைப்பிடிக்கு மேலே பெட்டியைத் தூக்கிக்கொள்ளலாம், கட்டைக்கு மேலே தூக்க முடியாது. இதை ரைட்டர் மாடியின் முதல் சாவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். யாரோ ஒரு ஆசாரியைக் கூட்டிவந்து, கட்டையைக் குழியிலிருந்து உருவி எடுக்கிற மாதிரி செய்து, ஒரு மர ஆப்பு அடித்து நிறுத்திவைத்தார்கள்.

அதிலிருந்து அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆறு வீட்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், மற்ற வீட்டு ஆண்கள் முதலில் செய்கிற வேலை விளக்கை அணைத்து, ஆப்பைத் தட்டி, கட்டையை உருவுவதுதான். உருவின கட்டையை முன்சுவரில் சாய்த்து வைப்பார்கள். கோயிலில் துக்கமணி அடிப்பதற்கு முன்பே ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரிந்துவிடும், ரைட்டர் மாடியில் ஒரு ஆள் போய்விட்டது என்று. கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் கட்டையைக் குழியில் நிறுத்தி, சாவு வீட்டுக்காரரே விளக்கை ஏற்றவேண்டும். ஸ்தனிஸ்லாஸ் ரைட்டர் போனபோது லூர்துராஜ் அண்ணன் ஏற்றினார். நான் கீழே நின்று பார்த்தேன்.

பிறகு பெங்களூரிலிருந்து ஒரு கம்பெனி வந்தது.

பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிறவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ஐந்து வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக விற்றுவிட்டு, ஒருத்தர் மகள் வீட்டுக்கு, ஒருத்தர் சேலத்துக்கு, ஒருத்தர் வெள்ளக்கடைப் பக்கம் புது வீட்டுக்கு என்று போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிற வீட்டில் பாத்திரம் வைத்துப் படுத்தவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். ஈவ்லினக்கா மட்டும் விற்கவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் ஆண்டனி ராஜ் விற்கச் சொல்லி எவ்வளவோ பேசிப் பார்த்தான். அவன் பேசப் பேச அக்காவுக்குப் பிடிவாதம்தான் ஏறியது.

கம்பெனி ஐந்து வீட்டையும் சுரண்டி, சுண்ணாம்பு பூசி, தேக்கை மெழுகேற்றி, பெங்களூர்க்காரர்களுக்கும் சென்னைக்காரர்களுக்கும் விற்றது. வாசலில் பித்தளைப் பலகை வந்தது. ரைட்டர் மாடி என்ற பேர் போய், உச்சரிக்க வாய் கோணுகிற ஒரு வெள்ளைக்காரப் பேர் வந்தது. வாங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை போகிறவர்கள். வராத வாரம் வீட்டை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விடுவார்கள். அந்த விருந்தாளிகள் என் கடைக்கு வந்து, சுத்தமான மலைத்தேன் இருக்கிறதா, கல் செக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு போவார்கள். நிரந்தரமாகக் குடியிருக்க வந்தவர் ஒரே ஒருத்தர். விஜயகுமார். பெங்களூரில் பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் சேலம்தான், ஆனால் அது தெரியாமல் பார்த்துக்கொள்வார். மாடியில் அக்கா வீட்டுக்கு எதிர்வீடு. அவர் மனைவிக்கு மூச்சிரைப்பு, படி இறங்குவதே அபூர்வம், ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அசோசியேஷன் ஆரம்பித்து, விஜயகுமார் செயலாளர் ஆனார். சண்டைக்கு ஆள் கிடைத்துவிட்டது.

அதற்கு முன்பே, கம்பெனியின் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தபோது, லூர்துராஜ் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு குழறும், புத்தி தெளிவு. கட்டிலில் கிடந்தபடி வெளியே நடக்கிற தட்டுமுட்டு ஓசைகளை எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் பார்க்கப் போயிருந்தேன். பின்படியில் சிலிண்டர்காரன் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தான். அண்ணன் அந்தச் சத்தம் முடிகிறவரை காத்திருந்து அக்காவிடம் சொன்னார்.

"ஈவ்லினு, என்னய அந்தச் சிலிண்டராட்ட நட்டமா எறக்கிப்போடாத. கால் முன்னால, மட்டமா, முன்வழியா போவோணும். எங்கப்பன் போனாப்புல."

அக்கா வழக்கம்போல அவரைத் திட்டினார். சாகிற பேச்சு பேசுகிற வாயில் கஞ்சியைக் குடி என்றார். ஆனால் அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அன்றைக்கு அவர் கொடுத்த வாக்கு வாயால் கொடுத்ததில்லை என்றாலும் வாக்குதான்.

அடுத்த வாரமே விளக்குக்கட்டையில் கை வைத்தார்கள். அது ஆடுவதைக் கம்பெனி சூப்பர்வைசர் கண்டுபிடித்துவிட்டார். பழுது என்று முடிவு செய்து, குழியில் பசையை ஊற்றி, கட்டையைக் கைப்பிடியோடு சேர்த்து இரும்பு போல்ட் முடுக்கி, போல்ட்டின் தலையைச் சீவி, மேலே மரத்தூளும் மெழுகும் பூசி, போல்ட் இருக்கிற இடமே தெரியாமல் பண்ணிவிட்டார். உச்சியில் ஒரு பித்தளை விளக்கு வேறு. அக்கா துளை போடுகிற சத்தம் கேட்டு ஓடிவந்து சொல்லியிருக்கிறார். யார் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு என்று சூப்பர்வைசர் கேட்டாராம். இத்தனை வருஷத்தில் யார் தலையிலும் விழவில்லை என்று அக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

அக்கா விடவில்லை. அசோசியேஷன் வந்ததும் அதன் கூட்டத்துக்குப் போனார். கீழ்த்தளத்தில் டீ, பிஸ்கட் வைத்துக் கூட்டம் போடுவார்கள். கூட்டத்துக்குப் பால் கொண்டுபோன நான் கதவருகில் நின்றிருந்தேன். அக்கா நேரடியாக விஷயத்துக்கு வந்தார். அந்த போல்ட்டைக் கழற்றிப் பழையபடி ஆப்பு வைக்க வேண்டும், நாளைக்கு ஒரு சாவு என்றால் பெட்டி திரும்பாது என்றார். டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு சென்னை அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நல்ல விஷயம் பேசலாமே என்று யாரோ முனகினார்கள். விஜயகுமார் சிரித்த முகமாகவே பதில் சொன்னார். அந்த மாதிரி நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கோயிலுக்குக் கொண்டு போய்விடலாமே, இங்கே யாரும் அப்படி எல்லாம் செய்யமாட்டார்களே என்றார்.

அக்கா எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, இங்க ஊடு வாங்குனவங்க யாரும் சாவறதா இல்லீங்களா?"

விஜயகுமார் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். கட்டையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அது வெளிப்படையான யுத்தம்தான். முன்கதவுக்கு எண் பூட்டு போட்டார்கள். எண்ணை மாதாமாதம் மாற்றுவார்கள், ஐந்து வீட்டுக்குப் போனில் செய்தி போகும், அக்காவுக்கு மட்டும் மறந்துபோகும். கோயிலுக்கோ கடைக்கோ போய்விட்டு வருகிறவர் வாசலில் நிற்பார். பின்படி திறந்துதான் இருக்கிறது என்று விஜயகுமார் ஜன்னலிலிருந்து மரியாதையாகச் சொல்வார். அக்கா அந்தப் படியில் காலை வைக்க மாட்டார். எந்த நினைப்பில் அந்தப் படியைக் கட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியும், அதே நினைப்பில்தான் இப்போது அவருக்குக் காட்டுகிறார்கள் என்பதும் தெரியும். ஐந்து வீட்டு அழைப்புமணியையும் வரிசையாக அழுத்துவார், யாராவது தூக்கக் கலக்கத்தில் வந்து திறக்கிறவரை. சனிக்கிழமை மத்தியானத் தூக்கம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை.

முன்வராந்தாவில் துணி காயப்போடக் கூடாது என்று விதி போட்டார்கள். படுக்கையோடு கிடக்கிற ஆளுக்கு தினம் எத்தனை விரிப்பு மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அக்கா அத்தனை விரிப்பையும் முன்வராந்தாவிலேயே காயப்போட்டார். விருந்தாளிகள் அதைப் போட்டோ எடுத்தார்கள். மழை பிடித்தால் விரிப்பு காயாது, அடுப்பு மூட்டி அனலில் காயவைக்க வேண்டும். கம்பெனி புகைபோக்கிகளின் வாயில் அழகுக்கு மூடி போட்டு அடைத்திருந்தது. அக்கா ஆள் வைத்துத் தன் புகைபோக்கியின் மூடியைக் கடப்பாரையால் பேர்த்தெடுத்து விஜயகுமாரின் வாசலில் கொண்டுபோய் வைத்தார். புகை பிரச்சினையானபோது, அதற்கு மேல் கருவாடு சுட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில், விருந்தாளிகள் பனியை ரசிக்கிற நேரமாகப் பார்த்து. இதை எல்லாம் நான் நியாயம் என்று சொல்லவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் அடியில் அந்தக் கட்டைதான் இருந்தது. முன்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் அக்கா அதைக் கையால் ஒருமுறை அசைத்துப் பார்ப்பார். அது அசையாது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. விடியும்போதே மழை, ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற எனக்கு எதிர்க்கட்டடம் பாதிதான் தெரிந்தது. கரண்ட் இல்லை. நான் கடையைத் திறந்து ரொட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது வராந்தாவிலிருந்து அக்காவின் குரல் வந்தது. வழக்கமான குரல் இல்லை.

"ஆசிர், கடையைச் சாத்திப்போட்டு வாங்க."

காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. லூர்துராஜ் அண்ணன் காலையில் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டாராம். கொண்டுவருவதற்குள் போய்விட்டார்.

முன்கதவை விஜயகுமார்தான் திறந்தார். கைகூப்பி அக்காவிடம் துக்கம் கேட்டார். அதிலும் குறை இல்லை. பிறகு, மழை, விருந்தாளிகள், படி வழுக்கும் என்று இழுத்து, பின்படி வழியாக இறக்கலாமே என்று முடித்தார். அக்கா முன்வழிதான் என்றார். சரி முன்வழியே ஆகட்டும் என்று அவர் சீக்கிரமே ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம். ஆனால் கட்டையைப் பற்றிக் கேட்டதும் கை விரித்தார். அதைக் கழற்றக் கம்பெனி ஆள் பெங்களூரிலிருந்து வரவேண்டும், இன்றைக்கு சனிக்கிழமை, கொஞ்சம் சாய்த்து எடுத்துப்போனால் ஆகாதா என்றார். பெட்டி கொண்டுவந்த தச்சர் முருகன் உட்கார்ந்து மெழுகைச் சுரண்டிப் பார்த்தார். சீவின போல்ட்டில் எந்தக் கருவியும் பிடிக்கவில்லை.

மத்தியானம் ஆண்டனி ராஜ் ஓசூரிலிருந்து வந்து சேர்ந்தான். அப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், முகத்தைத் துடைத்துக்கொண்டு விஜயகுமாரிடம் போய்ப் பேசினான், திரும்பி வந்து சாய்த்தே எடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் சொன்னான். அக்கா அவனுக்குப் பதில் சொல்லவில்லை. அக்கா பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பங்குச் சாமியார் வந்து ஜெபித்து, தீர்த்தம் தெளித்தார். பெட்டியை மூடினார்கள். சிலுவை முன்னால் இறங்கிப் போனது. சாமியாரும் பாட்டுக்காரர்களும் பின்னாலேயே இறங்கிக் கீழே வாசலில் காத்து நின்றார்கள். நாங்கள் பெட்டியைத் தூக்கினோம். முன்னால் ஆண்டனி ராஜும் நானும், பின்னால் அண்ணனோடு வேலை பார்த்த பஸ்காரர்கள். மேல்பாதிப் படியை நல்லபடியாகவே இறங்கினோம். திருப்பத்து மேடைக்கு வந்ததும் பெட்டியின் கால்மாடு சுவரில் இடித்தது, பக்கவாட்டில் கட்டை இடித்தது. முன்னால் போகவும் வழியில்லை, திரும்பவும் இடமில்லை. மேலே தூக்கிப் பார்த்தோம், விளக்குத் தட்டு தடுத்தது. இந்த மலையின் எல்லா வளைவையும் திருப்பின மனுஷன் சொந்த வீட்டுப் படியில் மாட்டிக்கொண்டு நின்றார்.

விஜயகுமார் மேலே அவர் வாசலில் நின்றிருந்தார். தலைப்பக்கத்தை உயர்த்தி நிமிர்த்துங்கள், திரும்பிவிடும் என்றார். ஆண்டனி ராஜ் எங்களுக்குச் சைகை காட்டினான். பின்னால் இருந்தவர்கள் தூக்கினார்கள். பெட்டி சரிந்து நிமிர ஆரம்பித்தது. உள்ளே அண்ணன் நழுவினார். அவர் பாதம் இரண்டும் பெட்டியின் அடிப்பலகையில் தொம்மென்று வந்து இடித்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கீழே பாட்டு நின்றுபோனது.

"எறக்குங்க," என்றார் அக்கா. "மேல கொண்டாங்க."

பெட்டியைத் திரும்ப மேலே கொண்டுபோய் நடைகூடத்தில் வைத்தோம். அக்கா முருகனின் பையைத் திறந்து கைரம்பத்தை எடுத்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மேடைக்கு இறங்கி, கைப்பிடிக்குச் சற்று மேலே கட்டையில் ரம்பத்தை வைத்து இழுத்தார். முருகன் தான் அறுப்பதாகச் சொல்லிக் கை நீட்டினார். நானும் போனேன். அக்கா இரண்டு பேரையும் பார்த்த பார்வையில் நாங்கள் பின்வாங்கினோம்.

விஜயகுமார் பதறிக்கொண்டு நாலு படி இறங்கி வந்தார். "மேடம், வேண்டாம். இது நூறு வருஷத்துக்கு மேலான கட்டை."

அக்கா அறுப்பதை நிறுத்தாமல் சொன்னார். "உள்ள கெடக்கறவரு எழுவது வருசத்து மனுசனுங்க. அவரையும் கொஞ்சம் பாருங்க."

தேக்கு லேசில் அறுபடாது. கொஞ்ச நேரத்தில் ரம்பம் உள்ளே இரும்பில் கிறீச்சென்று இடித்தது. போல்ட். அக்கா ரம்பத்தை உருவி, இன்னும் ஒரு சாண் மேலே வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார். மூச்சு வாங்கியது. அழுகையும் அப்போதுதான் வந்தது, அறுப்பும் அழுகையும் ஒன்றாக நடந்தன. கதவிடுக்குகளில் விருந்தாளிகள் நின்று பார்த்தார்கள், ஒருத்தரும் போனைத் தூக்கவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாதிக்கு மேல் போனபோது கட்டை சாய ஆரம்பித்தது. ஆண்டனி ராஜ் இறங்கிப் போய் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான். அம்மா அறுத்து முடிக்கிறவரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். கடைசியில் பித்தளை விளக்கு மட்டும் கழன்று கீழே விழுந்து உருண்டது.

பிறகு பெட்டி திரும்பியது. கைப்பிடிக்கு மேலே, அறுத்த தடத்துக்கு மேலே, கால் முன்னால், மட்டமாக. முன்கதவைத் தாண்டும்போது அக்கா என் முதுகுக்குப் பின்னால் மெதுவாகச் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. "போங்க. நேராப் போங்க." இடுக்கான இடத்தில் பஸ்ஸை ஓட்டும்போது கண்டக்டர் சொல்கிற மாதிரி இருந்தது.

கல்லறையிலிருந்து திரும்பி வந்தோம். அறுத்த கட்டையை அக்காவே தூக்கிவந்து, மழையில், முன்சுவரில் சாய்த்து வைத்தார். குழியில் நிறுத்த வழியில்லை, ஏற்ற விளக்கும் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் அந்த வழியே போன பழைய ஆட்கள் கட்டையைப் பார்த்து நின்று சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். ரைட்டர் மாடி என்ற பேர் அன்றைக்கு ஒருநாள் அந்தக் கட்டடத்துக்குத் திரும்ப வந்தது.

அசோசியேஷன் கூடியது. பாரம்பரியச் சின்னத்தைச் சேதப்படுத்தியதாகக் கண்டனம் தெரிவித்தார்கள். அக்கா போகவில்லை. அடுத்த மாதமே கம்பெனி ஆட்கள் வந்து, அதே அளவில், அதே நிறத்தில் புதுக் கட்டை ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். இந்தத் தடவை போல்ட் போதாதென்று உள்ளே இரும்புத் தகடும் வைத்தார்கள். வேலை நடந்த இரண்டு நாளும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மனுஷி ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தேன். கம்பெனி வண்டி கீழே இறங்கிப் போனதும் என் கடைக்கு வந்து முருகனின் போன் நம்பர் கேட்டார். அந்த ரம்பத்தைத் தனக்கே கொடுத்துவிடச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

அதைத் தன் வீட்டுக் கதவுக்கு வெளியே, நடைகூடச் சுவரில், மாதா படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். படியேறி வருகிற யார் கண்ணுக்கும் முதலில் அதுதான் தெரியும். விருந்தாளிகளுக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று. பழங்காலத்துப் பொருள் என்று நினைத்துப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு பெண் அக்காவிடமே கேட்டாளாம், இது எத்தனை வருஷத்துப் பழசு என்று.

"பழசில்லீங்க கண்ணு. என்னய எறக்கறப்ப வேணுமுங்க," என்றிருக்கிறார் அக்கா.

பொதுச் சுவரில் யாரும் எதையும் மாட்டக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அதைச் சொல்ல விஜயகுமார் ஒருநாள் வந்தார். அரிசி மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நான் அப்போது அங்கேதான் நின்றிருந்தேன். அக்கா விதியை முழுசாகக் கேட்டுக்கொண்டார். எதிர்வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் விஜயகுமாரின் மனைவி போர்வையைச் சுற்றிக்கொண்டு, சிரமப்பட்டு மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கழட்டச் சொன்னா கழட்டிப்போடறேனுங்க," என்றார் அக்கா. "ஆனா இங்கயே இருந்து சாவப்போறது ரண்டே ஊடு, நானும் நீங்களும். உங்க ஊட்டுக்காரம்மாவுக்கும் இதே திருப்பந்தானுங்க."

விஜயகுமார் திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தார். புதுக் கட்டையைப் பார்த்தார். பிறகு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்கப்புறம் ரம்பத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது. இந்தப் பனியில் இரும்பு சீக்கிரம் துருப்பிடித்துவிடும் என்பதால் அக்கா என் கடையில் தேங்காயெண்ணெய் வாங்கி அதற்குப் போட்டுவைக்கிறார்.